ஐ.டி. போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் நெட்வொர்க் கம்பெனி ஒன்றில் 12,000 ரூபாய்க்குச் சத்துமாவும் எண்ணெயும் வாங்கினால் எனக்கு ஐ.டி. (உறுப்பினர் எண்) போட்டுத் தருவதாக நாத்தனார் சொல்கிறார். "உனக்குக் கீழே நானே ஆள் போட்டுவிடுகிறேன் அண்ணி" என்கிறார். சேரலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கமிஷன் யார் பணத்திலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள், சகோதரி. ஐ.டி. இல்லாத வெளியார் பொருள் வாங்கி, அந்த லாபத்தில் வந்தால் அது வியாபாரம். புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணத்தில் வந்தால் அது பிரமிட் திட்டம். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் இதைத் தடை செய்கின்றன. சேர்க்கைக் கட்டணமும் வாங்கக் கூடாது. அதனால் சிலர் கட்டணத்தைப் பொருளின் விலைக்குள் ஒளித்துவிடுகிறார்கள். அதே தரத்துச் சத்துமாவு கடையில் 100 கிராம் என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். கடையில் 4,000 ரூபாய்க்குக் கிடைப்பதற்கு 12,000 கேட்டால், மீதி 8,000 நுழைவுச் சீட்டுதான்.

அடுத்து, "ஆள் போட்டுத் தருகிறேன்" என்ற பேச்சு. பைனரி திட்டத்தில் உங்களுக்குக் கீழே இடது, வலது என்று இரண்டு வரிசை இருக்கும்; இரண்டு பக்கமும் ஜோடி சேர்ந்தால்தான் கமிஷன். மேலே இருப்பவர் போடும் ஆட்கள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் விழுவார்கள். அங்கே 100 பேர் இருந்து, நீங்கள் மறுபக்கம் 3 பேரைத்தான் சேர்த்திருந்தால் 3 ஜோடிக்குத்தான் காசு. மறுபக்கத்தை நிரப்ப உங்கள் சித்தியிடமும் பக்கத்து வீட்டிலும்தான் போய் நிற்பீர்கள். ஆளுக்கு 5 பேர் என்று வைத்தாலும் 12-ஆம் படியில் 24 கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான்.

மாதாமாதம் ரீபர்ச்சேஸ், அதாவது மறுபடி பொருள் வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம், உண்டா என்றும் கேளுங்கள். மாதம் 2,500 என்றால் வருடத்துக்கு 30,000. பஸ், போன், மீட்டிங் டிக்கெட் எல்லாம் தனி.

என் கருத்து: இந்த 12,000-ஐக் கட்டாதீர்கள்.

கேள்வி: இதில் நல்லதே இல்லையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. கடை வாடகை இல்லை, விற்கும் பழக்கம் வரும். நியாயமான விலையில் நல்ல பொருள், ஆர்டர் வந்த பிறகு வாங்கித் தரும் வசதி, ஆள் சேர்க்காமலே விற்பனையில் லாபம் – மூன்றும் இருந்தால் பகுதிநேர வருமானமாகச் செய்யலாம்.

கேள்வி: சேர்ந்துவிட்டேன். வீட்டில் பெட்டி பெட்டியாகச் சரக்கு. எப்படி மீள்வது?
– வாசகர், சேலம்

பதில்: இன்றே ரீபர்ச்சேஸை நிறுத்துங்கள். சீல் பிரிக்காத பெட்டிகளைத் தனியே வைத்து, பில்லோடு படம் எடுங்கள். ஒப்பந்தத்தில் விலகும் காலம், சரக்கைத் திருப்பி எடுக்கும் நிபந்தனை என்ன என்று பார்த்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருள் பெயரளவுக்கு மட்டுமே இருந்து, பணம் பெருகும் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுங்கள்.

விட்ட காசை எடுக்க இன்னும் இரண்டு பேரை மட்டும் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது பணச் சுழற்சித் திட்டம் (ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் தரும் திட்டம்) என்று தெரியவந்தால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்தியவரோடு அதில் பங்கேற்றவரும் மாட்டலாம். 3 ஆண்டு வரை சிறை. அந்த இரண்டு பேரும் உங்கள் முகத்தை நம்பித்தான் பணம் கட்டுவார்கள்.