நாயோடு நடக்கிற இடத்தில் குதிரை வந்தால் என்ன செய்வது?

லண்டனில் நியூ மால்டன் பக்கம் குடிவந்து கோலி (collie) இன நாய் ஒன்று வளர்ப்பதாகவும், விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திறந்தவெளியில் குதிரையைக் கண்டாலே அது குரைத்துக்கொண்டு ஓடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கேதான் நாயோடு நடக்கிறேன். அந்தக் காமனில் குதிரையைத் தவிர்க்கவே முடியாது. சவாரிக்கு வருபவர்கள் ஒருபக்கம் இருக்க, அந்த இடத்தின் காவலர்களிலேயே சிலர் குதிரையில்தான் ரோந்து வருகிறார்கள்.

"எங்க நாய் ஒன்னும் பண்ணாதுங்க" என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். பண்ணாது என்பது உங்களுக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாதே! அரை டன் எடை இருந்தாலும் அது பயந்து ஓடிப் பிழைத்த இனம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. விளையாட ஓடும் நாய் பெரும்பாலும் போய் நிற்பது அந்த வால்பக்கம்தான். ஓர் உதை பட்டால் நாய் பிழைப்பது கஷ்டம். குதிரை மிரண்டால் மேலே இருப்பவர் முதுகெலும்பு போகலாம்.

போதாக்குறைக்கு உங்கள் கோலி மந்தை மேய்க்கிற ஜாதி. ஓடுகிற எதையும் வளைத்துப் பிடிக்கத்தான் பார்க்கும். அதனால் குதிரை கண்ணில் பட்ட பிறகு கூப்பிட்டால் வராது. திருப்பம், புதர் மண்டிய பாதை, குளம்புத் தடம் தெரிகிற மண், இதில் எது வந்தாலும் முன்கூட்டியே லீஷை, அதாவது நாயைப் பிடித்து நடத்தும் வாரை, மாட்டிவிடுங்கள். இழுக்க இழுக்க நீளுமே, அந்த மெல்லிய கயிறு வேண்டவே வேண்டாம். குதிரைக் காலில் சுற்றிக்கொண்டால் எல்லாருக்கும் ஆபத்து.

அப்புறம், வாயைத் திறந்து பேசுங்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். வழிவிடுவதாக நினைத்துப் பலர் மரத்துக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். குதிரையின் கணக்கில் அங்கே ஏதோ பதுங்கியிருக்கிறது! நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று, நாயை உங்களுக்கு மறுபக்கம் வைத்துக்கொண்டு, சவாரி செய்பவருக்கு ஒரு 'குட் மார்னிங்' சொல்லுங்கள். விறைத்து நின்ற காதுகளில் ஒன்று உங்கள் பக்கம் திரும்பும், தூக்கிய கழுத்து மெல்ல இறங்கும். மனிதக் குரல் அதற்குப் பழகியது. குதிரை தாண்டிப் போகும்வரை நாயின் மூக்கடியில் பிஸ்கட்டைப் பிடித்திருங்கள். தூரத்தில் குதிரை மேயும் வேலிப்பக்கம் கூட்டிப்போய், நாய் உங்களைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பிஸ்கட் கொடுத்துப் பழக்கினால் நாளடைவில் அடங்கும்.

குதிரைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆளைக் கண்டால் நடைவேகத்துக்கு வர வேண்டும், பின்னாலிருந்து வந்தால் குரல் கொடுக்க வேண்டும். எல்லாரும் செய்வதில்லை. நாய் துரத்தினால் பாய்ந்து ஓடுவது அவர்கள் செய்யக்கூடிய மோசமான காரியம், நாய்க்கு அது விளையாட்டாகிவிடும். நிறுத்தி, குதிரையை நாயின் பக்கம் திருப்பி நிற்க வைத்தால் முக்கால்வாசி நாய்கள் தயங்கி நின்றுவிடும்.

சட்டத்தில் நாய்க்காரர் தரப்புதான் பலவீனம். இங்கே 1991-ஆம் ஆண்டு அபாய நாய்கள் சட்டப்படி நாய் கடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கட்டுப்பாடில்லாமல் வந்து, காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி நடந்துகொண்டாலே வழக்குப் போடலாம். நகரத்தைத் தாண்டி, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கத் திறந்துவிட்ட மலை, புல்வெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத லீஷ் பொதுவாகக் கட்டாயம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக வந்த விதி என்றாலும் குதிரைக்கும் நல்லதுதான்.

இன்னொன்று, குதிரைச் சாணம். நாய்கள் அதை அல்வா மாதிரி தின்னும். குதிரைக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற பூச்சி மருந்து சாணத்தில் வெளியேறும். கோலி வகையில் பல நாய்களுக்குப் பரம்பரையாக ஒரு மரபணுக் குறை உண்டு, அவற்றுக்கு அந்த மருந்து மூளையைத் தாக்கும். உங்களுடையதற்கு அது இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். சாணம் தின்ற பிறகு தள்ளாடினாலோ எச்சில் ஒழுகினாலோ காத்திருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள், குதிரைச் சாணம் தின்றதையும் மறக்காமல் சொல்லுங்கள்.