பயந்தவர் யானையைக் கொடுப்பாரா?

கேள்வி: தால், ஃபிஷர் போன்ற அதிரடிச் சதுரங்க வீரர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் டிக்ரான் பெட்ரோசியானையும் அதே வரிசையில் வைக்கிறீர்கள். தோல்விக்குப் பயந்து டிரா, டிரா என்று ஆடிக்கொண்டிருந்தவரிடம் இன்றைய இளைஞர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் கேள்வியில் மற்றவை இருக்கட்டும். ‘பயந்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் விடுவதாக இல்லை. பெட்ரோசியான் உலக சாம்பியன் ஆன நாளிலிருந்து அவர்மீது சுமத்தப்பட்டுவரும் பழி அது. அவருடைய ஆட்டங்களைப் பலகையில் வைத்து ஒருமுறைகூட ஆடிப் பார்க்காதவர்களே பெரும்பாலும் அதைச் சொல்கிறார்கள்.

சதுரங்கத்தில் பயம் எப்படி வெளிப்படும் என்று யோசித்துப் பாருங்கள். பயந்தவர் கையில் இருக்கும் காய்களை இறுகப் பற்றிக்கொள்வார். ஒரு சிப்பாய் குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் போய்விடும். பெட்ரோசியானின் முத்திரையாக உலகம் ஒப்புக்கொண்டிருப்பதோ, யானையைக் கொடுத்து அதைவிட மதிப்புக் குறைந்த குதிரையையோ மந்திரியையோ (பிஷப்) வாங்கிக்கொள்ளும் பலி. அதையும் அவர் எதிரி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் சிக்கவைத்து மேட் வைப்பதற்காகவோ, நான்கு நகர்த்தலில் பொருளைத் திரும்பப் பெறுவதற்காகவோ செய்யவில்லை. ஒரு குதிரைக்கு நல்ல கட்டம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்.

உலக சாம்பியனுடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி 1953ஆம் ஆண்டு சூரிச்சில் நடந்தது; அதில் அமெரிக்க வீரர் ரெஷெவ்ஸ்கியுடன் அவர் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவருக்கு வயது 24. வெள்ளைக் காய்களுடன் ஆடிய ரெஷெவ்ஸ்கி, டி4, இ5 கட்டங்களில் (எழுத்து பலகையின் நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) இரண்டு சிப்பாய்களை நிறுத்தி, நடுப்பலகையை உருட்டிக்கொண்டு முன்னேறக் காத்திருந்தார். கறுப்பின் குதிரை டி5 கட்டத்தில் போய் அமர்ந்துவிட்டால் அந்த முன்னேற்றம் நின்றுவிடும். ஆனால் குதிரை அங்கே போவதற்கான வழியில், இ7 கட்டத்தில், தன்னுடைய யானையே நின்றது. 25ஆவது நகர்த்தலில் பெட்ரோசியான் அந்த யானையை இ6 கட்டத்துக்கு நகர்த்தி, எதிராளியின் மந்திரி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எந்த அச்சுறுத்தலும் இல்லை, செக் இல்லை, தாக்குதலின் சாயல்கூட இல்லை. அடுத்த சில நகர்த்தல்களில் குதிரை டி5இல் அமர்ந்தது. அந்த யானையைக் கொன்ற வெள்ளை மந்திரியும் பலகையை விட்டுப் போயிருந்தது. ரெஷெவ்ஸ்கியின் யானைகளுக்கு ஓட வழி இல்லை. கடைசியில் அவரே தன் யானை ஒன்றைக் கொடுத்துக் கணக்கைச் சமன்செய்ய வேண்டியதாயிற்று. ஆட்டம் டிரா. முடிவுப் பட்டியலில் இது வெறும் அரைப் புள்ளி. பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அதுவும் ‘பயந்து ஆடிய டிரா’ ஆகத்தான் தெரியும்.

தாலின் பலிகளைக் கண்டு நான் மயங்காதவன் அல்லன். ஆனால் தால் பலி கொடுத்தபோது எதிராளியின் ராஜா உடனே ஓடத் தொடங்கும். பார்க்கிறவருக்கு அதன் பயன் கண்ணெதிரே தெரியும். பெட்ரோசியானின் பலியில் அந்த ஆறுதல் கிடையாது. கொடுத்ததை எப்போது, எந்த வடிவில் திரும்பப் பெறுவோம் என்று தெரியாத நிலையில், தன் மதிப்பீட்டை மட்டும் நம்பி ஒரு யானையைக் கொடுக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, ஒரு போட்டியிலாவது கடிகாரத்தின் முன் உட்கார்ந்தவர் அறிவார்.

அந்தத் துணிவின் வேரை அவர் சிறுவயதில் தேடலாம் என்று நினைக்கிறேன். 1929இல் திபிலிசியில் ஆர்மேனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். போர்க்காலத்தில் பெற்றோரை இழந்து, தெருக் கூட்டிப் பிழைத்தவர். செவித்திறன் குறைந்து வாழ்நாள் முழுவதும் காது கேட்கும் கருவியோடு இருந்தவர். அந்த வயதில் அவர் விழுந்து விழுந்து படித்தது சதுரங்க வீரரும் நூலாசிரியருமான நிம்சோவிட்ச்சை. எதிராளி எண்ணுவதை அவருக்கு முன்பே எண்ணி, அது முளைக்கும் இடத்திலேயே தடுத்துவிட வேண்டும் என்பது நிம்சோவிட்ச்சின் பாடம். அதைப் பெட்ரோசியான் அளவுக்கு யாரும் ஆடிக் காட்டியதில்லை.

1960இல் ஹாம்பர்க்கில் ஜெர்மன் வீரர் உன்சிக்கருக்கு எதிராக அவர் செய்ததைப் பாருங்கள். எதிராளி அசைய முடியாமல் கட்டுண்டு கிடந்தார். அவசரப்படும் ஆட்டக்காரர் அங்கேயே பாய்ந்திருப்பார். பெட்ரோசியான் தன் ராஜாவை ஜி1இலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பலகையின் மறுபுறம் ஏ2 வரை நடத்திச் சென்றார். அதன் பிறகே ராஜா முன்பு நின்ற பக்கத்தைத் திறந்து தாக்கி வென்றார். ராஜாவை ஒளித்துவைத்தார் என்று இதையும் பயக் கணக்கில் எழுதுவீர்களானால், 1966 உலக சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? ஸ்பாஸ்கிக்கு எதிரான அந்த ஆட்டத்தில், எஃப்1இல் நின்ற யானையை மந்திரிக்கு விட்டுக்கொடுத்தார்; மூன்று நகர்த்தல் கழித்து இன்னொரு யானையை ஒரு குதிரைக்காகக் கொடுத்தார்; 30ஆவது நகர்த்தலில் ராணியையே எச்8 கட்டத்தில் எதிரி ராஜாவின் கையில் வைத்தார். ராஜா அதை எடுத்தால் குதிரை ஒரே பாய்ச்சலில் செக் வைத்து ராணியைத் திரும்ப வாங்கிவிடும். ஸ்பாஸ்கி அதற்குக் காத்திராமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். தாலின் பெயரைப் போட்டு இந்த ஆட்டத்தை அச்சிட்டால் எவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இனி டிராக்கள். நீங்கள் சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. அதை மறைப்பது ஆசிரியர் வேலைக்கு அழகல்ல. 1962இல் குராசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் சோவியத் வீரர்களான பெட்ரோசியான், கேரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்துகொண்டார்கள். அவற்றில் பல, காய்கள் சூடேறும் முன்பே முடிந்தவை. அது விளையாட்டுக்கு நல்லதல்ல. சோவியத் வீரர்கள் பேசிவைத்து ஆடினார்கள் என்று ஃபிஷர் வெகுண்டு எழுதியதில் பொருள் இருந்தது. அதன் பிறகு அந்தப் போட்டியே ஒருவரோடொருவர் மோதும் நேரடித் தொடராக மாற்றப்பட்டது சரியான முடிவு. ஆனால் அந்தப் போட்டியில் 27 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், எட்டு வெற்றிகளோடு 17.5 புள்ளி பெற்று முதலிடம் பிடித்தவர் பெட்ரோசியான். 14 புள்ளியோடு நான்காவதாக வந்தவர் ஃபிஷர். மூன்றரைப் புள்ளி இடைவெளி முழுவதையும் குறுகிய டிராக்களால் விளக்கிவிட முடியாது. என் வருத்தம் வேறு. வெல்லக்கூடிய நிலைகள் பலவற்றில் அவர் அரைப் புள்ளியோடு மனநிறைவு அடைந்தார். அவ்வளவு ஆற்றல் உள்ளவர் இன்னும் பல போட்டிகளில் முதலாவதாக வந்திருக்க வேண்டும். அது சோம்பலாக இருக்கலாம், உடல்நலத்தையும் உழைப்பையும் சிக்கனம் செய்யும் கணக்காக இருக்கலாம். பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பயந்தவர் 1963இல் அன்றைய உலக சாம்பியன் போட்வின்னிக்குக்கு எதிரான பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தையே வெள்ளைக் காய்களோடு தோற்றுவிட்டு, பிறகு 12.5க்கு 9.5 என்று வென்றிருக்க மாட்டார். 1966இல் ஸ்பாஸ்கியை 12.5க்கு 11.5 என்று வென்று பட்டத்தைக் காத்தபோது, பட்டம் வைத்திருப்பவர் எதிராளியை வென்றே அதைத் தக்கவைத்தது 1934க்குப் பிறகு முதன்முறை. போட்வின்னிக் இருமுறை சமன் செய்துதான் தக்கவைத்திருந்தார். 1969இல் பெட்ரோசியான் அதே ஸ்பாஸ்கியிடம் பட்டத்தை இழந்தார். 1971இல் புவனோஸ் ஐரிஸில் நடந்த கேண்டிடேட்ஸ் இறுதித் தொடரில், எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் தொடர்ச்சியாக வீழ்த்திக்கொண்டு வந்த ஃபிஷரை இரண்டாவது ஆட்டத்தில் நிறுத்தியவர் அவரே. தொடரை ஃபிஷர் 6.5க்கு 2.5 என்று வென்றார் என்பதும் உண்மை. நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட்களில் 129 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டும் தோற்றார், வென்றவை 78. இது டிராவுக்காக உட்கார்ந்தவரின் கணக்கா?

இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதி, பலருடைய கோபத்துக்கு ஆளான ஒன்றை மீண்டும் எழுதுகிறேன். நேரலையில் செஸ் பார்க்கும் பழக்கம் பெருகியது நல்லது. ஆனால் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி கணித்துக் காட்ட, திரையின் ஓரத்தில் ஏறி இறங்கும் அந்த மதிப்பீட்டுப் பட்டை நம் ரசனையைக் கெடுத்துவருகிறது. பட்டை துள்ளினால்தான் நல்ல நகர்த்தல் என்றும், அசையாமல் நின்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் பார்ப்பவர்கள் முடிவுசெய்துவிடுகிறார்கள். எதிராளியின் திட்டம் பிறக்கும் முன்பே அதை அழிக்கும் நகர்த்தலுக்கு எந்தப் பட்டையும் துள்ளாது. வருமுன் காத்தவருக்கு மாலை போடும் வழக்கம் நம்மிடம் எங்கேயும் இல்லை; சதுரங்கத்திலாவது அதைத் தொடங்குவோம் என்கிறேன். நாளெல்லாம் மூன்று நகர்த்தல் புதிர்களை மட்டும் கொடுத்துச் சிறுவர்களைப் பழக்கும் பயிற்சியாளர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

ஆர்மேனியர்கள் இந்த மதிப்பீட்டில் தவறவில்லை. யெரெவான் நகரின் செஸ் மாளிகை பெட்ரோசியான் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய முகம் அந்நாட்டின் 2000 டிராம் நோட்டில் இருக்கிறது. 2011 முதல் அங்கே பள்ளிகளில் சதுரங்கம் கட்டாயப் பாடம். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் அந்தச் சிறிய நாட்டின் அணி வெள்ளிப் பதக்கம் வென்றதை நம்மில் பலர் நேரிலேயே கண்டோம். அந்நாட்டின் முன்னணி வீரராக இருந்த அரோனியன் வேறு நாட்டுக்கு மாறிப்போன பின்பும் வென்ற பதக்கம் அது.

இளைஞர்கள் என்ன கற்கலாம் என்று கேட்டீர்கள். மேலே சொன்ன மூன்று ஆட்டங்களையும் கணினியை அணைத்துவிட்டுப் பலகையில் வைத்து ஆடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்பும் எதிராளி அடுத்து என்ன செய்ய விரும்புகிறார் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு பெட்ரோசியானின் நகர்த்தலைப் பார்க்கட்டும். ரெஷெவ்ஸ்கி ஆட்டத்தில் 25ஆவது நகர்த்தலுக்கு வரும்போது அரை மணி நேரமாவது நிற்கட்டும். நீங்களும் உடன் உட்காருங்கள். அதற்குப் பிறகும் ‘பயந்து’ என்று தோன்றினால் எழுதுங்கள், உங்கள் கடிதத்தை ஒரு வரிகூடக் குறைக்காமல் வெளியிடுகிறேன்.