சொகுசு கார் சர்வீஸ்: டீலரா, வெளி மெக்கானிக்கா?

கேள்வி: என் பிஎம்டபிள்யூ டீசல் காருக்கு வாரன்ட்டி முடிந்துவிட்டது. வெறும் ஆயில் சர்வீஸுக்கே டீலர் பில் எகிறுகிறது. வெளி மெக்கானிக்கிடம் விடலாமா?

பதில்: தாராளமாக விடலாம், ஆளைப் பார்த்து. பில்லை ஏற்றுவது லேபர் சார்ஜும் கம்பெனி முத்திரை போட்ட பாகங்களும்தான். மான் (Mann), மாலே (Mahle) போன்ற பிராண்டு ஃபில்டர்களை வெளியில் வாங்கினால் விலை குறையும், தரம் குறையாது.

ஆயிலில் மட்டும் சமரசமே வேண்டாம். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று ஆயிலின் பிசுபிசுப்பு அளவு மட்டும் இருந்தால் போதாது. மேனுவலில் சொன்ன கார் கம்பெனியின் அங்கீகாரமும் அச்சாகியிருக்க வேண்டும். எல்எல்-04 என்ற பிஎம்டபிள்யூ அங்கீகாரம் கேட்கும் டீசல் காரில், எரிந்தால் சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றினால் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சீக்கிரமே அடைக்கும். ஆயில் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), டிரெயின் போல்ட் வாஷர் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய ஓ-ரிங்கையே மாட்டினால் மூடியோரம் கசியும். பிளாஸ்டிக் மூடியிலேயே பெரும்பாலும் 25 என்எம் (நியூட்டன் மீட்டர்) என்று முறுக்கும் அளவைப் பொறித்திருக்கும். அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கு வந்தபடி முறுக்கினால் மூடி விரிசல் விடும். இதை நின்று பாருங்கள்.

அடுத்து, அவரிடம் சரியான ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய பேட்டரியைக் காரில் பதிவு செய்யாவிட்டால், பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏறி புதியதன் ஆயுள் குறையும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால், சர்வீஸ் மோடில் (பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைக்கும் நிலை) போடாமல் பின் பிரேக் பேடைக் கழற்றவே கூடாது.

ரீகால் (குறையுள்ள கார்களைக் கம்பெனியே அழைத்துச் சரிசெய்வது), சாவி கோடிங், சாஃப்ட்வேர் அப்டேட் மூன்றுக்கும் டீலரிடமே போங்கள். ரீகால் வேலைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். வெளியில் செய்யும் சர்வீஸுக்கு ஆயிலின் பெயர், பாக எண், கிலோமீட்டர் எழுதிய பில்லை வாங்கி வையுங்கள். காரை விற்கும்போது கேட்பார்கள்.