இ20 பெட்ரோல்: குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2016 மாடல் பெட்ரோல் கார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 12தான். எத்தனால்தானே காரணம்? (நாகர்கோவில்)

பதில்: முழுப் பழியையும் எத்தனால் மேல் போட முடியாது. இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) கலந்த பெட்ரோல். பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் அதே அளவு எத்தனாலில் உண்டு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் 6–7 சதவீதம் குறையும். அதாவது 15 என்பது 14 ஆகும். அதற்கும் கீழே போனால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார் என்று வரிசையாகப் பாருங்கள்.

கேள்வி: வளைகுடாவில் வேலை. ஆறு மாதம் வீட்டில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடுகிறது. (மார்த்தாண்டம்)

பதில்: எத்தனால் தண்ணீரை இழுக்கும். இரண்டு மழைக்காலம் உள்ள நம் ஊரில், டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். ஓரளவு வரை கரையும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான்.

மேலும் மேலும் செல்ஃப் அடிக்காதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கின் அடியிலிருந்து 200 மில்லி எடுத்து கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்ய வேண்டும். மேலே நிற்கும் பெட்ரோலையும் மறுபடி ஊற்றக் கூடாது. எத்தனால் பிரிந்ததால் அதன் ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் தடுக்கும் திறனின் அளவு) இறங்கியிருக்கும். ஃபில்டரையும் மாற்றுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது டேங்கை நிரப்பி வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது 20 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கார்ப்பரேட்டர் கார் வைத்திருக்கிறேன். எதை மாற்றுவது? (தக்கலை)

பதில்: முதலில் பெட்ரோல் டியூப். விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ கீறல் தெரிந்தாலோ உடனே மாற்றுங்கள். சூடான இன்ஜின் மேல் ஒழுகினால் தீப்பிடிக்கும். எத்தனாலுக்கு ஏற்ற, உள்பக்கம் வைட்டான் என்ற ரப்பர் உள்ள டியூப் கேட்டு வாங்குங்கள். கார்ப்பரேட்டர் ஓ-ரிங், ஃப்ளோட் நீடில் அடுத்து. பழைய டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். அதனால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும்.

கேள்வி: பங்கில் 20க்கு மேல் கலக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? (குலசேகரம்)

பதில்: 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, நெருப்பில்லாத திறந்த இடத்தில் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கும். கீழடுக்கு 28 மில்லி அருகே நின்றால் 20 சதவீதம். ஓரிரு மில்லி வித்தியாசம் வரலாம்.

கேள்வி: எத்தனாலில் நல்லதே இல்லையா? (கன்னியாகுமரி)

பதில்: உண்டு. அதன் ஆக்டேன் சுமார் 108. ஏற்றத்தில் இன்ஜின் தட்டுவது குறையும், கார்பன் மோனாக்சைடும் குறையும். குளிர் நாடுகளில் எத்தனால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தொல்லை கொடுக்கும். நம் வெயிலில் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆக்டேன் பலன் முழுதாகக் கிடைப்பது அதற்கேற்ப வடிவமைத்த இன்ஜினில்தான்.

கேள்வி: டீசல் காரில் இ20 ஊற்றிவிட்டார்கள். (குளச்சல்)

பதில்: சாவியைத் திருப்பவே வேண்டாம். தள்ளி ஓரங்கட்டி, டேங்கைக் காலி செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.