வண்டி வைத்தியம்: வெள்ளைப் புகையும் ஹீட்டர் பிளக்கும்

கேள்வி: என்னிடம் 1992-ஆம் வருடத்து அம்பாசடர் டீசல் இருக்கிறது, பழைய 1489 சிசி என்ஜின். மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் அடம் பிடிக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புகை வருகிறது, என்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஒருவழியாகப் பிடித்த பிறகும் இரண்டு நிமிடம் வண்டியே குலுங்குகிறது. மதியம் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிவிடும். பட்டறையில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள், அப்புறம் நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம். ஹீட்டருக்கு டாஷ்போர்டுக்குக் கீழே தனிப் பொத்தான் வைத்திருக்கிறேன்.
– வாசகர், கோத்தகிரி

பதில்: புகை வருகிறது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் ஃபில்டர், ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்துக்கொள்வது) என்று டீசல் வரும் வழியைத் தேடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

இந்த என்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழுவதில்லை. ஹெட்டில் ஒரு சின்ன அறை இருக்கிறது, அதற்குள்தான் நாசில் என்ற தெளிப்பான் டீசலைப் பீய்ச்சும். காற்றை 23-ல் ஒரு பங்காக நெருக்கித்தான் சூடு உண்டாக்குகிறோம். ஆனால் ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் அறைக்குள் ஹீட்டர் பிளக் முனை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அடுப்பில் கங்கு போல. மதியம் இரும்பு வெதுவெதுப்பாக இருப்பதால் கங்கு இல்லாமலே பற்றிக்கொள்கிறது.

எனக்குச் சந்தேகம் உங்கள் பொத்தான் மேல்தான். குன்னூரில் நான் பட்டறை வைத்திருந்த காலத்தில் எஸ்டேட் ஜீப் ஒன்று இதே வியாதியோடு வந்தது. புது பிளக் போட்டு அனுப்பினேன், மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மறுபடி கழற்றிப் பார்த்தால் பிளக்கில் ஒரு குறையும் இல்லை. எரிச்சலில் டிரைவரை ஹீட்டர் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு யதேச்சையாக வயரைப் பிடித்தேன். கை சுட்டது! பிளக்குக்குப் போக வேண்டிய சூடு வழியிலேயே வயரில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஹாரன் பொத்தானையும் ஹாரன் வயரையும் வைத்து ஹீட்டருக்கு லைன் கொடுத்திருந்தார்கள். ஒரு பிளக் 10, 12 ஆம்பியர் இழுக்கும். நாலும் சேர்ந்தால் 40-க்கு மேல், சூடேறுவதற்கு முன் அதைவிட அதிகம். ஹாரன் பொத்தான் அதைத் தாங்குமா?

எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்குகளை இணைக்கும் பட்டையிலும் மற்றதை என்ஜின் பாடியிலும் வைத்துவிட்டு, இன்னொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 11 வோல்ட் பக்கம் காட்டினால் லைன் சரி. 8 காட்டினால்? "மூணு வோல்ட்தானே குறையுது" என்று விட்டுவிடாதீர்கள், பிளக் முனையில் கிடைக்கும் சூடு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வைத்தியம் சுலபம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து, 70 ஆம்பியர் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகக் கனமான வயரை நேரே பட்டைக்குக் கொண்டுபோங்கள். பொத்தான் ரிலேயை இழுக்க மட்டும் இருக்கட்டும். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைச் சந்தேகிக்க வேண்டாம். அது கெட்டிருந்தால் செல்ஃபும் திணறியிருக்கும்.

வோல்ட் சரியாக வந்தால்தான் பிளக்கைத் தொட வேண்டும். புதிது என்பதற்காக நம்பிவிட முடியாது. பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு வயரை பேட்டரி பாஸிட்டிவில் மாட்டி, மற்றதால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாத பிளக் செத்தது. கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் என்ஜின் சூடாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருப்புங்கள். இறுகியதை முரட்டுத்தனமாகத் திருப்பிக் கழுத்து முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். வெளியே எடுத்ததை வைஸில் பிடித்து, பேட்டரியிலிருந்து லைன் கொடுத்துப் பார்க்கலாம். முனை முதலில் சிவக்க வேண்டும். நடுவில் சிவந்து முனை கறுப்பாகவே இருந்தால் தூக்கிப் போடுங்கள். முனை உருகியோ கரைந்தோ இருந்தால் பிளக்கைத் திட்டாதீர்கள், அந்தச் சிலிண்டரின் நாசில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

பழைய மாதிரி பிளக்குக்கு 15, 20 விநாடி தேவை. நம்மில் பலர் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்பிவிடுகிறோம். இது எல்லாம் சரியாக இருந்தும் குலுக்கல் நிற்காவிட்டால், டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) இடைவெளியையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டரில் காற்று நெருங்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அது நிஜமாகவே வயசு சம்பந்தப்பட்டது.

கேள்வி: அண்ணா, என் பழைய டீசல் காரில் இரண்டு ஹீட்டர் பிளக் போய்விட்டது. மதுரை வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு, அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஓடும் தம்பி. சித்திரையில் நாலும் இல்லாமல்கூட ஓடும். ஆனால் தினமும் காலையில் செல்ஃபை எத்தனை விநாடி கூடுதலாக அடிக்கிறாய் என்று எண்ணிப் பார்த்தாயா? பிளக் காசை மிச்சம் பிடித்து, செல்ஃபுக்கும் பேட்டரிக்கும் செலவழிக்கிறாய்.

கேள்வி: குளிர்காலத்தில் ஏர் ஃபில்டர் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. தினமும் அடிக்கலாமா?
– வாசகி, ஊட்டி

பதில்: ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு ஒருநாளும் அடிக்காதீர்கள், அம்மா. அதில் இருப்பது ஈதர், சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம். சிவந்திருக்கும் முனையில் பட்டதும், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் வெடிக்கும். 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்படிச் சத்தம் கேட்ட ஒரு வேனை என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். ஆயில் சம்பைக் கழற்றியதும் பிஸ்டன் துண்டு ஒன்று என் தட்டில் விழுந்தது. டப்பாவை ஓரம் வைத்துவிட்டு, மேலே கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன வோல்ட் சோதனையை உங்கள் வண்டியிலும் செய்து பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.