மழைக்குப் பிறகு நீச்சல் குள பம்ப் ஓடவில்லை: எங்கே பார்ப்பது?

நேற்றைய இடிமழைக்குப் பிறகு தரைவீட்டுக் குளத்தின் பம்ப் ஓடவில்லை, சத்தமும் இல்லை என்கிறீர்கள். பம்ப் மேல் உடனே பழி போடாதீர்கள். மின்சாரம் அதுவரை போகிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்பெட்டியில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருக்கிறதா? வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, கை காய்ந்திருக்கும்போது ஒருமுறை மேலே தள்ளுங்கள். அது விழாமல் மேலேயே நின்றால் பம்ப் சுவிட்சைப் போடுங்கள். அப்போது மறுபடி விழுந்தால் மோட்டாரிலோ வயர் இணைப்பிலோ ஈரம் இறங்கியிருக்கலாம். திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்க வேண்டாம், அது காப்பாற்றத்தான் விழுகிறது.

எதுவும் விழவில்லையா? பம்பைக் குறித்த நேரத்தில் ஓடவைக்கும் டைமரைப் பாருங்கள். மின்தடையில் அதன் நேரம் பின்தங்கியிருக்கலாம். பாதிப் புகார்கள் இதுதானோ என்று எனக்குச் சந்தேகம்! மோட்டார் தொட முடியாத சூடென்றால், ஆறவிட்டுப் பாருங்கள்.

உறுமல் மட்டும் கேட்டால் மின்சாரம் வருகிறது. மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், இலை குப்பை சிக்கியிருக்கலாம். கெப்பாசிட்டரை நீங்களே கழற்றாதீர்கள், சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கும். 230 வோல்ட்டும் தண்ணீரும் சேரும் இடம் அது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை யாரும் குளத்தில் இறங்க வேண்டாம்.