எழுத்து இடவலம் மாறியிருந்தால் போலியா?

சூதுபவளம் என்ற சிவப்புக் கல் பதித்த மோதிரத்தில் எழுத்து இடவலம் மாறியிருக்கிறது, வீரன் இடக்கையில் வாள் பிடித்திருக்கிறான், ரோமானிய மோதிரம் என்று விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ரோமானியருக்கு மோதிரம் நகை மட்டுமல்ல, முத்திரையும்கூட; அழுத்தினால் பதிவு நேராக வர வேண்டும் என்றுதான் கல்லில் இடவலம் மாற்றிச் செதுக்கினார்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸே முதலில் ஸ்பிங்க்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட புராண உருவம்), அப்புறம் அலெக்சாண்டரின் தலை, கடைசியில் டயஸ்கூரிடிஸ் செதுக்கிய தன் முகம் என்று மூன்று முத்திரைகள் மாற்றினார்.

கல் ஆடாமல் இருந்தால், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் மெல்ல அழுத்திப் பாருங்கள். வாள் வலக்கைக்கு வந்துவிடும், எழுத்தும் நேராகிவிடும்.

அடுத்து, பத்து மடங்கு லென்ஸ். துளைக்கருவியில் கல்லைத் தேய்க்கும் பொடி தடவிக் குடைந்த கல்லில் உருண்டையான சிறு குழிகளும் கோடுகளும் தெரியும். உள்ளே காற்றுக்குமிழிகளும் மழுங்கிய விளிம்புகளும் இருந்தால் அச்சில் வார்த்த கண்ணாடியாக இருக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள், கண்ணாடிக் கற்களை ரோமானியரே ஏராளமாகச் செய்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு: எங்கே கிடைத்தது என்று விற்றவர் எழுதித் தந்தாரா? பழைய வேலைப்பாட்டை இன்றும் அப்படியே செதுக்குகிறார்கள். கல்லை மட்டும் பார்த்து வயது சொல்ல என்னால் முடியாது.